பரண் இல்லாத வீடு

வீட்டை விற்க ஒரு பத்திரப்பதிவு போதும். வீட்டுக்குள் இருப்பதை விற்கச் சொந்தபந்தம் மொத்தமும் கூடிக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் தங்கிவிட்டார்கள், மாடிப்படி ஏறினால் முழங்கால் முறையிடுகிறது, இரண்டு பேருக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு என்று மதுரை வீட்டை விலை பேசினோம். கோவை வடவள்ளிப் பக்கம் ஒரே ஒரு படுக்கையறை உள்ள குடியிருப்புக்கு முன்பணமும் கட்டினோம். அப்போது இந்த விதியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டிய இடம் அது. மூன்று வேளையும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடு. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மணி அடித்தால் நர்ஸ் வருவார். சுற்றிக் காட்டிய தம்பி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "வேற ஏதாச்சும் கேக்கோணுங்களா மேடம்?" என்றான். என் மனைவி அண்ணாந்து பார்த்து, "பரண் எங்க தம்பி?" என்றாள். அவன் முழித்தான். பிறகு விளங்கிக்கொண்டு, "லாஃப்ட்டுங்களா? அதெல்லாம் இப்ப யாரும் வைக்கிறதில்லீங்க" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே கவலை. பழசை எல்லாம் அப்போ எங்கே வைப்பார்கள் இந்த ஊரில்?

கவலை எனக்கும் உண்டு, காரணம்தான் வேறு. நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்தவன். ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களின் இருப்புப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "நாற்காலி பன்னிரண்டுன்னு எழுதியிருக்கு, பதினொண்ணுதான இருக்கு?" என்று கேட்டுச் செயலாளர்களுக்கு வேர்க்க வைத்தவன். அரசு அலுவலகத்தில் உடைந்த நாற்காலியைக்கூட நினைத்த மாத்திரத்தில் வீச முடியாது. உபயோகமற்றது என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். அதைக் கண்டம் பண்ண வேண்டும். ஏலம் விட வேண்டும். ஏலத்தில் வந்த காசைக் கணக்கில் கட்ட வேண்டும். அதுவரை வராண்டாவில் மழையில் நனைந்தாலும் அது அரசாங்கச் சொத்துதான். இந்த ஞானத்தோடு வளர்ந்தவனிடம், "வேண்டாததைத் தூக்கிப் போடுங்கப்பா" என்று ஹைதராபாத்திலிருந்து மகன் போனில் சொல்கிறான். எந்த அதிகாரத்தின் பேரில் போடுவது?

அரசாங்கமும் இதுவரை என் பக்கமே இருந்தது. 58-இல் வீட்டுக்குப் போக வேண்டியவனை 2020-இல் 59 என்றது, மறுவருஷமே 60 என்றது. பணி நீட்டிப்பு எனக்கு மட்டுமில்லை, பரணுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கீழடியில் மேலிருந்து கீழே தோண்டினார்கள். நாங்கள் ஏணி போட்டுக் கீழிருந்து மேலே போனோம். முதல் அடுக்கு முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள், உள்ளே தெர்மக்கோலோடு. மிக்ஸி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, அதன் பெட்டி புது மெருகோடு இருந்தது. அடுத்த அடுக்கில், 2011-இல் அறிவித்த இலவசத் திட்டத்தில் அம்மாவின் தனி ரேஷன் அட்டைக்கு வந்த கிரைண்டர். அதை ஒட்டி, அதற்கு முந்தைய ஆட்சியில் அதே அட்டைக்கு வந்த 14 அங்குல கலர் டிவி. தமிழ்நாட்டில் எந்தத் தேர்தலிலும் அமையாத கூட்டணி எங்கள் பரணில் ஒரே சாக்கின் கீழே இத்தனை காலம் சச்சரவில்லாமல் இருந்திருக்கிறது.

அதற்கும் பின்னால்தான் உண்மையான சிக்கல்: பாத்திரங்கள்.

எங்கள் கல்யாணம் 1988-இல். அந்தக் காலத்தில் எவர்சில்வர் வாங்கினால் கையோடு பெயர் வெட்டி வாங்குவது வழக்கம். வெண்கலக் கடைத் தெருவில் அதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டிருப்பார். கொடுப்பவர் பெயர், இனிஷியல், ஊர், தேதி. சிலருக்கு உத்தியோகமும் சேர்த்து. இடம் மிச்சமிருந்தால் மணமக்கள் பெயர். பெரிய மாமா கொடுத்த குடத்தில் அவர் பெயர், அத்தை பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் வீட்டு ரேஷன் அட்டை தொலைந்துபோனால் அந்தக் குடத்தைக் காட்டி நகல் வாங்கிவிடலாம்.

இப்போது யாரும் பெயர் வெட்டுவதில்லை. அதனால்தான் பரிசுப்பொருள்கள் கால் முளைத்து ஒரு கிரகப்பிரவேசத்திலிருந்து அடுத்த கிரகப்பிரவேசத்துக்குத் தாமாகவே நடந்துவிடுகின்றன. பெயர் வெட்டிய பாத்திரத்துக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. வேலை செய்யும் அம்மாவிடம் ஒரு தூக்கைக் கொடுத்தோம். அவர் அதில் மோர் வாங்கிக்கொண்டு தெருவில் போக, எதிரே வந்த ஒன்றுவிட்ட தங்கை அதைப் படித்துவிட்டாள். படித்தது தூரத்திலிருந்து, கண்ணாடி போடாமல். சாயங்காலத்துக்குள் செய்தி உசிலம்பட்டி வரை போய்விட்டது.

பிறகு ஆரம்பித்தது போன். "அண்ணே, அப்பா பேர் வெட்டுன அண்டாவையா போடப்போற?" என்று தங்கச்சி அழாத குறை. "நீ எடுத்துக்கிறியாம்மா?" என்றேன். "எங்க வீட்ல ஏதுண்ணே எடம்? நீ வச்சிரு. வர்றப்ப பாத்துக்கிறேன்." கனடாவிலிருந்து மகள், "அம்மா, கல்சட்டிய மட்டும் குடுத்துராதீங்க, அதுல எவ்வளவு மெமரீஸ் இருக்கு" என்றாள். அடுத்த தடவை வரும்போது மெமரீஸை எடுத்துக்கொண்டு போ என்றதற்கு, விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் என்று சட்டம் பேசினாள். மச்சான் ஒரு படி மேலே போய், "கல்யாணத்துக்குக் குடுத்த பண்டத்த வெளியே விட்டா குடும்பத்துக்கு ஆகாது மாப்ளே" என்றார். தூக்கிப் போடாதே என்று சொல்ல எங்களுக்கு ஊர் ஊருக்கு ஆள் இருக்கிறது. எனக்குக் கொடு என்று சொல்லத்தான் ஒரு நாதி இல்லை. மொத்தச் சொந்தத்துக்கும் நாங்கள் சம்பளமில்லாத கிட்டங்கிக் காவல்காரர்களாக இருந்திருக்கிறோம், வாடகைகூட வசூலிக்கவில்லை.

பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது இரும்பு போட்டால் பேரீச்சம்பழம் தருவார்கள். இப்போது குட்டியானையில் ஒலிபெருக்கி கட்டி, பதிவுசெய்த குரலில் பழைய பேட்டரி, பழைய ஃபிரிட்ஜ் என்று தெருவையே எழுப்புகிறார்கள். வந்தவர் கிரைண்டரைத் தட்டிப் பார்த்தார், சம்மதித்தார். டிவியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "பிக்சர் ட்யூப்பா? காசு குடுத்தா எடுத்துட்டுப் போறேன் சார்." யார் காசு யாருக்கு என்று விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

பித்தளைச் சாமான்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல விலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பீங்கான் கோப்பையும் பர்மாத் தேக்குமாக நிறைந்த கடைகள் அங்கே. அப்பாவின் வெற்றிலைப் பெட்டியைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச காலம் வச்சிருங்க சார், நல்லா வரும்" என்றார், மாங்காயைப் பார்த்துச் சொல்வதுபோல. 1972-ஆம் வருஷச் சட்டப்படி நூறு வருஷமானால்தான் ஒன்று தொல்பொருள். எங்கள் வீட்டில் இருப்பவற்றுக்கு இன்னும் அந்த வயசாகவில்லை. அதுவரை வெறும் தொல்லைப்பொருள்.

இத்தனை நேரம் மனைவியின் பாத்திரங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நியாயமாகப் பார்த்தால் என் காகிதங்களையும் சொல்ல வேண்டும். வவுச்சர் இல்லாத செலவை ஆயுள் முழுக்க ஒத்துக்கொள்ளாதவன் ரசீதைக் கிழிப்பானா? மின் கட்டண அட்டைகள், கேஸ் இணைப்பு வாங்கிய சீட்டு, தொலைபேசிக்கு முன்பணம் கட்டிய ரசீது, 2017-இல் ஸ்மார்ட் கார்டு வருவதற்கு முன் வருஷா வருஷம் உள்தாள் ஒட்டி ஒட்டி உப்பிப்போன ரேஷன் அட்டை, எங்களுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகள் அத்தனையும். நாளைக்கு யாராவது கேட்டால்?

"யாரு கேப்பா?" என்றாள் மனைவி.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை உதாரணம் காட்டினேன். புத்தகத்தோடு அழைப்பிதழையும் நோட்டீசையும்கூடக் கழிக்காமல் சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. தமிழ் ஆராய்ச்சியாளர்கள் படியேறிப் போகிறார்கள்.

"அவரு சேத்தது தமிழ். நீங்க சேத்தது கரண்ட் பில்லு" என்றாள் அவள். "சிகாகோலருந்து ஆள் வர்றவரைக்கும் வேணும்னா வெளித் திண்ணையில வைங்க."

ஒரு விஷயம் அப்போதுதான் புரிந்தது. என்னுடையதைக் கழிக்க அவளுக்குக் கை கூசுவதில்லை, அவளுடையதைக் கழிக்க எனக்கும் கூசுவதில்லை. தணிக்கையின் அடிப்படையே அதுதானே, தன் கணக்கைத் தானே பார்க்கக் கூடாது. அன்றிலிருந்து நான் பாத்திரங்களைக் கண்டம் பண்ணினேன், அவள் காகிதங்களைக் கண்டம் பண்ணினாள். வேலை மளமளவென்று நடந்தது. பேச்சுவார்த்தை மட்டும் கொஞ்சம் குறைந்தது.

அவள் கிழிக்காமல் விட்ட காகிதம் ஒன்றே ஒன்று: எங்கள் கல்யாண மொய் நோட்டு. பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று என்று வரிசை. தாய்மாமன் மட்டும் ஐந்நூற்றொன்று. இதில் யாருக்கு நாம் திருப்பிச் செய்தோம், யாருக்குப் பாக்கி என்று ஓரத்தில் பென்சிலால் அவள் போட்டு வந்திருக்கும் டிக்கைப் பார்த்தபோது, இவள் எங்கள் துறையில் சேர்ந்திருந்தால் இணை இயக்குநராக ஓய்வு பெற்றிருப்பாள் என்று தோன்றியது. ஓய்வூதிய ஆணையும் மொய் நோட்டும் இப்போது ஒரே மஞ்சள் பையில் இருக்கின்றன. இரண்டில் எது மேலே இருக்கிறது என்பதை நான் சொல்ல மாட்டேன்.

அம்மாவின் பித்தளைத் தூக்கில் ரவிக்கைத்துணி முடிச்சு ஒன்று அகப்பட்டது. அவிழ்த்தால் பழைய 500 ரூபாய் நோட்டுகள், 2016 நவம்பரில் செல்லாமல் போனவை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து நோட்டுக்கு மேல் வைத்திருந்தால் அபராதம் என்று 2017-இல் சட்டம் வந்திருக்கிறது, குறைந்தபட்சமே பத்தாயிரம். எண்ணிப் பார்த்தேன், ஏழு. யாருக்கும் சொல்லாமல் சேர்த்தாலும் சட்ட வரம்புக்குள் சேர்த்திருக்கிறாள் அம்மா. கூடவே ஒரு கொத்து நாலணா. அவற்றையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாதென்று சொல்லிவிட்டார்கள். எட்டணா மட்டும் இன்னும் செல்லும். இதைக் கடைக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

அம்மாவின் இன்னொரு சொத்தைப் பற்றி எங்களுக்குள் தகராறே வரவில்லை. 'பொன்னியின் செல்வன்' கல்கியில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி, கல்யாணமாகி வரும்போது சீதனமாகக் கொண்டுவந்தாள். மணியத்தின் ஓவியங்களோடு, பின்பக்கத்து விளம்பரங்களும் பாதிப் பாதி ஜோக்குகளும் சேர்ந்தே இருக்கும். பைண்டர் ஓரம் வெட்டியதில் சில பக்கங்களில் கடைசி எழுத்துகள் போய்விட்டன. கல்கியின் எழுத்து 1999-இல் நாட்டுடைமையானதால் இன்று யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கிறார்கள், மலிவாகக் கிடைக்கிறது. எடைக்குப் போட்டால் பழைய பேப்பர் விலைதான். ஆனாலும் மகன், மகள், தங்கச்சி மூன்று பேரும் முதல்முறையாக "எனக்கு" என்றார்கள். ஐந்து பாகம், மூன்று பேர். எப்படிப் பிரிப்பது? முதல் பாகம் ஒருவரிடமும் கடைசிப் பாகம் இன்னொருவரிடமும் இருந்தால் கதை என்னாவது? கடைசியில் எங்களோடே கோவைக்கு வருகிறது. கட்டிலுக்கடியில் இடம் பார்த்து வைத்திருக்கிறோம்.

மற்றவை ஒருவழியாகப் போய்விட்டன. அண்டாவும் தவலைகளும் தங்கச்சியின் எதிர்ப்பை மீறி அவள் குலதெய்வக் கோயிலுக்கே போய்ச் சேர்ந்தன. இனி அவள் போடாதே என்று சொல்ல முடியாது, சாமியிடம்தான் சொல்ல வேண்டும். டிவியைத் தெருமுனை தையல்காரர் எடுத்துக்கொண்டார். அது ஓடுகிறதா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மிச்சம் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல். வெட் கிரைண்டருக்குப் பேர்போன, அதற்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊருக்கு இதைத் தூக்கிக்கொண்டு போனால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகும். வீடு வாங்கியவர், சாவி கொடுப்பதற்குள் அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். இரும்புக்காரர் கல் வாங்க மாட்டாராம். சொந்தக்காரர்கள் அனைவரும், வழக்கம்போல, அதை வெளியே விடக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஆகவே மதுரைப் பக்கத்து வாசகர்கள் கவனிக்கவும். நல்ல நிலையில் உள்ள ஆட்டுக்கல் ஒன்று, குழவியோடு, இலவசம். பெயர் எதுவும் வெட்டப்படவில்லை. புரட்டி ஏற்ற வாட்டசாட்டமான ஆள்களோடும் ஒரு குட்டியானையோடும் வரவும். வருகிறவர்களுக்கு நல்ல காபி உண்டு. குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தர வேண்டியதில்லை.