விராலுக்கு விலாசம் இருக்கு மருமவனே

வாய்யா மருமவனே. மெட்ராஸ்லேர்ந்து நம்ம கண்மாய்க்கு மீன் புடிக்க வந்திருக்கியாமே. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மடக்குற தூண்டின்னு மாப்பிள்ளை அழைப்புக்குக் கெளம்புன கணக்கா நிக்கிறே. மீனு இருக்குற எடத்தச் செல்லே காட்டுமாமே? காட்டட்டும். சித்தன்னவாசல் குகையிலயுந்தான் தாமரைக் கொளத்துல மீனு எங்கெங்க இருக்குன்னு தெளிவா வரைஞ்சு வச்சிருக்கான். ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஒருத்தன் சட்டிக்கும் வரல.

நீ நடுக்கண்மாயப் பாத்து வீசுறே. அங்க கெடக்குற கட்லாவும் ரோகுவும் குத்தகைக்காரரு குஞ்சு வாங்கி விட்டது. தொட்டியோ, ஏலப் பணத்த உங்கிட்ட வசூல் பண்ணிருவாரு. மொதல்ல அவரப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. விராலு வேணும்னா ஓரத்தப் பாரு. அல்லிக்கொடி, கோரைப் பொதரு, முங்கிக் கெடக்குற கருவை மரத்தடி. விடியக்காலமும் பொழுது சாயுற நேரமுந்தான் எரைக்குக் கெளம்பும். நீ பல்லு வெளக்கி வர்றதுக்குள்ள அது சாப்புட்டுப் படுத்துரும்.

கெண்டை மாதிரி தண்ணிக்குள்ளயே மூச்ச முடிச்சுக்கிற சாதியில்ல விராலு. மேல வந்து காத்துக் குடிச்சாகணும். அந்தச் செல்ல மடியில கட்டிட்டு வாய மூடி ஒக்காந்திரு. கொடிக்கு நடுவுல ‘குபுக்’னு ஒரு சுழி எழும்பும் பாரு, அதான் விலாசம்.

செவப்பாப் பொடிக்குஞ்சு கும்பலா மேல மேயுதா? அடியில அப்பனும் ஆத்தாளும் காவலுக்கு நிக்கும். என்னத்தப் போட்டாலும் ஆத்திரத்துல வந்து கவ்வும். ரொம்பச் சுலபம், ஒன் கைக்குத் தோதானதுதான். ஆனா அங்க மட்டும் தூண்டி போட்டே, பிச்சுப்புடுவேன். காவல் போனா குஞ்சு அம்புட்டும் மத்த மீனு வயித்துலதான்.

என்னது, ரப்பர் தவளையா? எம்புட்டு வெல? வேணாம், சொல்லாத, ஒங்க அத்தை காதுல விழுந்துரும். அதுக்கும் நம்மூரு விராலு ஏமாறத்தான் செய்யுது. கொடி மேல போட்டு, தத்தித் தத்தி இழு. நடுவுல கொஞ்சம் நிப்பாட்டு. தண்ணி ஒடைஞ்சு சத்தம் கேட்டதும் வெடுக்குனு இழுத்துப்புடாத. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற நேரம் பொறு, அப்பறம் சுண்டு. நரம்பு நல்ல மொத்தமா இருக்கட்டும். மெல்லிசு நரம்பக் கொடியில சுத்தி அறுத்துட்டு, தவளையோட போயிரும்.

இதெல்லாம் தோதுப்படலன்னா கோடையில தண்ணி வத்துனதும் மீன்பிடித் திருவிழாவுக்கு வா. பெரியவரு வெள்ளைத் துண்ட வீசுனதும் ஊரே எறங்கும். ஊத்தாக் கூடையச் சேத்துல அமுக்குனா உள்ள ‘தொம்மு தொம்மு’னு முட்டும். மேல்வாய் வழியாக் கைய விட்டுத் தலையப் பாத்துப் புடி. வழுவழுன்னு மீசை தட்டுப்பட்டா அது கெளுத்தி. முள்ளு ஏறுனா ராத்திரி பூரா கண்மாய் தெய்வத்தையெல்லாம் பேரு சொல்லிக் கூப்புடுவே.

எதுவுமே சிக்கலயா, கடையில வாங்கிட்டுப் போ, நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். ஆனா செவசெவன்னு சங்கராவ வாங்கிட்டுப் போயி, கண்மாயில புடிச்சேன்னு ஒம் பொண்டாட்டிகிட்ட நீட்டிராத. அவ பொறந்தது ஜெகதாப்பட்டினம்.