காசிக்குப் போன மாப்பிள்ளை

டெல்லி சாணக்யபுரி வினய் மார்க் அரசுக் குடியிருப்பில் இருந்த ஒரு தஞ்சாவூர்க்காரர் அறுபது வயதாகி ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுகிறவருக்கு முதலில் மாலை வரும், பிறகு சமோசா வரும், அதற்கும் பிறகு வீட்டை எப்போது காலி செய்கிறீர்கள் என்று ஒரு காகிதம் வரும். காகிதம் வந்த வாரமே தம்பதி பரணில் கை வைத்தார்கள். ஒரு பித்தளை அண்டா இறங்கியது. செத்துப்போன கூலரின் மோட்டார் இறங்கியது. மஞ்சள் துணியில் சுற்றிய கொள்ளுத்தாத்தாவின் ஓலை ஜாதகமும், ஐம்பது சிடி அடுக்கிய வட்ட டப்பா ஒன்றும் ஒரே அட்டைப்பெட்டியில் இருந்து வெளியே வந்தன.

“ஏன்னா, இதை கபாடிவாலாகிட்ட போட்டுடலாமா?” என்று மனைவி டப்பாவைக் காட்டினார்.

மேலே இருந்த மூன்று சிடிகளில் ‘கல்யாணம் 1, 2, 3’ என்று பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது. கையெழுத்து அம்மையாருடையதுதான். கபாடிவாலா யோசனை உடனே வாபஸ் ஆனது.

அவர்கள் கல்யாணம் 1991-இல் கும்பகோணத்தில் நடந்தது. படம் பிடித்தது விஎச்எஸ் கேசட்டில். கேசட்டில் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்து 2004-இல் அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மூன்று சிடியாக மாற்றினார்கள். “இனிமே நூறு வருஷத்துக்குக் கவலையில்ல சார்” என்றார் ஸ்டுடியோக்காரர். அந்த நம்பிக்கையில் கேசட்டைத் தூக்கி எறிந்துவிட்டார் நம்மவர். மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர், அசல் கோப்பை அழித்துவிட்டு நகலை வைத்துக்கொண்டது எப்படி என்று இன்றுவரை அவருக்கே புரியவில்லை.

இப்போது சிடியைப் போட இடமில்லை. மடிக்கணினியின் நான்கு பக்கத்தையும் தடவிப் பார்த்தார், வழவழவென்று இருந்தது. நேரு பிளேஸுக்குப் போய் வெளியிலிருந்து செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி வந்தார். கடைப்பையன் அதை உள் அறையிலிருந்து, யாரோ அடகு வைத்துவிட்டுப் போன பொருளைப் போலத் தேடி எடுத்துக் கொடுத்தானாம்.

முதல் சிடி ஓடியது! நாகஸ்வரம், ஜானவாசக் கார், இப்போது இல்லாத சித்தப்பாக்கள், அவர் தலையில் அவ்வளவு முடி. பிறகு காசி யாத்திரை. குடை, விசிறி, கைத்தடி, புதுச் செருப்பு சகிதமாக மாப்பிள்ளை வாசலை விட்டு இறங்கினார். மாமனார் வந்து, சந்நியாசம் வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன் என்று தடுத்து அழைத்துவர வேண்டிய இடம். அங்கே படம் கட்டம் கட்டமாகச் சிதறி, டிரைவ் ‘டர்ர்’ என்று இருமிவிட்டு நின்றது. எட்டு முறை போட்டுப் பார்த்தார்கள். எட்டு முறையும் மாப்பிள்ளை காசிக்குப் போனார். ஒரு முறையும் திரும்பவில்லை.

“எங்கப்பா வர்றதுக்குள்ள நின்னுடுத்தே” என்றார் மனைவி. கணவர் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷ அனுபவம்.

ஏன் அந்த இடத்தில் நின்றது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சிடியோ நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். விரல் படுவதும் ஈரம் புகுவதும் பெரும்பாலும் விளிம்பில்தான். அதனால் ஆரம்பம் பிழைத்து, முடிவு முதலில் சாகிறது. முகூர்த்தம் இருந்த இரண்டாவது சிடி திறக்கவே இல்லை. அதற்குக் காரணம் பேனா. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் கைக்குழந்தை மாதிரி தாங்குவோம். உண்மையில் அந்தப் பக்கம் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் கவசம் இருக்கிறது. மேல்பக்கத்தில் இருப்பதோ மெல்லிய அரக்குப் பூச்சு. அதற்கு நேர் கீழே உலோகப் படலம், அதற்கும் கீழே தகவல். பால்பாயிண்ட் முனையால் அழுத்தி ‘கல்யாணம்’ என்று எழுதினால் அந்த எழுத்து கல்யாணத்தின் மேலேயே விழுகிறது. போதாக்குறைக்கு அதில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் வேறு.

மூன்றாவது சிடி பழுதில்லாமல் ஓடியது. அதில் முழுக்கப் பந்தி. எழுபது நிமிஷம் ஊரார் சாப்பிடுகிறார்கள். அதில் பாதிப் பேர் யாரென்றே இருவருக்கும் தெரியவில்லை.

அதே டப்பாவில் 28 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பழைய தமிழ்ப் பட விசிடியும் இருந்தது. அது இன்றைக்கு வாங்கியது போல ஓடியது. சொந்தக் கல்யாணம் போய், சினிமாக் கல்யாணம் நிலைத்ததில் அம்மையாருக்குக் கோபம். ஆனால் இரண்டும் வேறு ஜாதி. கடையில் விற்ற படம், அச்சில் வார்த்து எடுத்த இட்லி மாதிரி; குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். வீட்டில் ‘ரைட்’ பண்ணுகிற சிடியில் குழி கிடையாது. ஒரு சாயப் பூச்சுதான் உண்டு. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுக் கறை வைக்கிறது. அந்தக் கறைதான் தகவல். லேசர் கணத்தில் செய்ததை வெயிலும் வெப்பமும் வருஷக்கணக்கில் நிதானமாகச் சாயம் முழுக்கச் செய்து முடிக்கும். கறையும் துணியும் ஒரே நிறமானால் எதைப் படிப்பது? டெல்லிப் பரணோ மே மாதத்தில் 45 டிகிரி வெயிலைக் கூரை வழியாக வாங்கும், பிறகு கூலரின் ஈரக்காற்றை வாங்கும், ஜனவரியில் பனிமூட்டத்தில் நடுங்கும்.

அந்த 28 ரூபாய் விசிடிக்குப் பின்னால் ஒரு டெல்லிக் கதை உண்டு. அதை விற்ற மோசர் பேர் இந்தியா நிறுவனம் 1983-இல் டெல்லியில் தொடங்கியபோது செய்தது நேரம் பதிவு செய்யும் கருவி. 1988-இல் பிளாப்பிக்கு வந்தது, 1999-இல் சிடிக்கு வந்தது, பிறகு உலகத்தின் பெரிய வட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றானது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று திருட்டு சிடி விலையிலேயே நல்ல சிடி விற்றது. தமிழ்ப் படமும் எடுத்தது: சசி இயக்கிய ‘பூ’, ராதாமோகனின் ‘அபியும் நானும்’ இரண்டிலும் அதற்குப் பங்கு உண்டு. ‘அபியும் நானும்’ பெண் டெல்லிக்குப் படிக்கப் போனதும் தவித்துப்போகிற அப்பாவின் கதை. பிறகு பென் டிரைவும் இணையமும் வந்தன. 2018-இல் நிறுவனத்தைக் கலைத்துவிடச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பரணில் இருக்கும் வட்டை விட வட்டு செய்தவர் முந்திக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். வெற்று சிடியை 1988-இல் உலகத்துக்குக் கொடுத்த ஜப்பானின் தையோ யூடென் 2015-இல் கடையைக் கட்டியது. பதிவு செய்கிற புளூ-ரே வட்டை 2025 பிப்ரவரியோடு சோனியும் நிறுத்திவிட்டது.

நூறு வருஷம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? உலகத்தின் முதல் சிடி கடைக்கு வந்ததே 1982-இல்தான். நூறு வயதுச் சிடி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. வட்டுகளைச் சூட்டிலும் ஈரத்திலும் சில வாரம் புழுங்கவிட்டு, அதை வைத்துக் கணக்குப் போட்டு ஆயுள் சொன்னார்கள். பையனை ஒரு வாரம் இட்லிக் கொப்பரையில் உட்காரவைத்து அவன் தீர்க்காயுசா என்று பார்ப்பது மாதிரி. நம் ஊர் ஜோசியர்கள் இந்த அளவுக்குப் போனதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2003-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. குளிர்ந்த, உலர்ந்த, இருட்டான இடத்தில் நிமிர்த்தி வை, பேனாவால் எழுதாதே, ஸ்டிக்கர் ஒட்டாதே என்றது. வினய் மார்க் வீட்டில் இவற்றில் ஒன்றுதான் கடைப்பிடிக்கப்பட்டது. பரண் இருட்டாக இருந்தது.

சாணக்யபுரிக்குப் பெயர் கொடுத்தவரும் ஆவணக் காப்பகத்தை விட்டுவைக்கவில்லை. கணக்குச் சுவடி வைக்கும் அலுவலகம் கிழக்கு அல்லது வடக்கு பார்த்து இருக்க வேண்டும், ஏடுகளுக்குத் தனி இடம் வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. (நம்மவர் பரண் மேற்கு.) அந்த நூலே பல நூற்றாண்டு காணாமல் கிடந்தது. 1905-இல் மைசூர் அரசு கீழ்த்திசை நூலகத்தில் ஆர். சாமசாஸ்திரி கண்டெடுத்தது கிரந்த எழுத்தில் இருந்த ஓலைச்சுவடி; கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர். 1909-இல் அச்சேறியது. தூதரகங்கள் வரிசைகட்டி நிற்கிற இந்தப் பேட்டைக்கும், தமிழ்நாடு இல்லம் இருக்கிற கௌடில்யா மார்க்குக்கும் பெயரில் உயிர் இருப்பது ஒரு தஞ்சாவூர் வீட்டுப் பனையோலையால். இதைச் சொல்லும்போது நம்மவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அந்தப் பண்டிதர் தன் சொந்தக்காரர் என்பது போல.

ஓலை மட்டும் சிரஞ்சீவியா என்ன? எழுத்தில் விளக்குக் கரி தடவி, எலுமிச்சம்புல் எண்ணெய் பூசி, செல்லரிக்கும் முன் அடுத்த தலைமுறை உட்கார்ந்து புது ஓலையில் படி எடுத்தால்தான் உண்டு. எடுக்காத வீட்டு ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின.

கொள்ளுத்தாத்தாவின் ஜாதகத்தைப் பிரித்தார். டிரைவ் வேண்டியிருக்கவில்லை, மூக்குக் கண்ணாடி போதுமாயிருந்தது. ராசிக் கட்டமும் நட்சத்திரமும் துல்லியமாக இருந்தன. மஞ்சள் துணியை மாற்றிச் சுற்றிச் சூட்கேஸில் வைத்தார். காசி யாத்திரையும் பந்தியும் பென் டிரைவுக்கு ஏறின.

மிச்சம் நாற்பத்திச் சொச்சம் சிடி. கபாடிவாலா வந்து டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு, அண்டாவுக்கு மட்டும் விலை சொன்னார். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தான், பால்கனியில் தொங்கவிடுங்கள், பளபளப்பில் புறா வராது என்று வழி சொன்னார். நம்மவர் நூல் கோத்துக் கட்டினார். இரண்டு நாள் புறாக்கள் எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் காலையில் ‘கல்யாணம் 2’க்குப் பின்னால் ஒரு ஜோடி, குச்சி பொறுக்கிக்கொண்டு வந்து குடித்தனம் ஆரம்பித்திருந்தது.