வரிசையில் நிற்போர் விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு, எச்-1பி வேலை விசாவிலேயே தலை நரைத்த இந்தியர்கள் எழுதிக்கொள்வது.

முதலில் நன்றி. காலம் பின்னோக்கி ஓடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். யார் முறை வந்தது என்று மாதாமாதம் அறிவிக்கும் உங்கள் வெளியுறவுத் துறையின் விசா புல்லட்டின் அந்த மூடநம்பிக்கையைப் போக்கியது. 2022 செப்டம்பரில் எங்கள் இபி-2 வரிசை, அதாவது வேலைவழிக் கிரீன் கார்டின் இரண்டாம் பிரிவு, 2014 டிசம்பருக்கு முன் விண்ணப்பித்தவர்கள் வரை வந்து நின்றது. அதே 2022-இன் டிசம்பர் புல்லட்டினைத் திறந்தால், 2011 அக்டோபர்!

உங்கள் சமத்துவமோ புல்லரிக்க வைக்கிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவழிக் கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. மனைவி மக்களும் அதற்குள்ளேதான். எந்த நாட்டுக்கும் 7 சதவீதம் உச்சவரம்பு. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் 140 கோடி இந்தியாவுக்கும் அதே வரம்பு. கல்யாணப் பந்தியில் ஆளை எண்ணாமல் ஊரை எண்ணி இலை போடுகிறீர்கள். மீந்தால் எங்களுக்கும் உண்டாம், மகிழ்ச்சி.

குடியுரிமை அல்ல, பிறந்த நாடுதான் கணக்கு. தம்பதியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவரும் அந்த நாட்டு வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். ஆகவே பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதும் பார்க்கிறோம்: பெண் பிறந்தது குவைத்திலா, கும்பகோணத்திலா? குவைத் என்றால் செவ்வாய் தோஷத்தைக்கூடப் பெரிதுபடுத்துவதில்லை.

கைக்குழந்தையாக வந்து உங்கள் தேசிய கீதத்தைத் தப்பில்லாமல் பாடும் எங்கள் பிள்ளைகளுக்கு, 21 வயதானால் பீர் வாங்கும் உரிமை தருகிறீர்கள். அதே பிறந்தநாளில் பெற்றோர் விசாவோடு ஒட்டியிருக்கும் உரிமையைப் பறித்துக்கொள்கிறீர்கள். கேக் வெட்டுவதா, வக்கீலுக்கு போன் போடுவதா என்று வீட்டில் குழப்பம்.

நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று சொன்னால் எங்கள் நாக்கு அழுகிவிடும். 2013-இல் செனட் 68–32 என்று பெரிய குடியேற்ற மசோதாவையே நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை 365–65 என்று நாட்டு வரம்பை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. செனட் அதை 2020 டிசம்பரில் திருத்தித் திருப்பி அனுப்பியது. அடுத்த மாதமே சபையின் ஆயுள் முடிந்து, மசோதாவும் போய்ச் சேர்ந்தது.

வரம்பை மட்டும் நீக்கினால் மற்ற நாட்டாரின் வரிசை நீளும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால் 1,40,000 என்ற எண்ணையும் சேர்த்தே உயர்த்துங்கள். அதை நீங்கள் எழுதியபோது கூகுளே பிறக்கவில்லை.

கேபிடல் கட்டடத்தின் தெற்குப் பக்கம் பிரதிநிதிகள் சபை, வடக்குப் பக்கம் செனட். இடையில் ஒரு மசோதா போய்வர விசா வேண்டியதில்லை என்றே நம்புகிறோம்.

இப்படிக்கு,
தேதி வராதவர்கள்