துண்டு போட்டவனுக்குத்தான் சீட்டு

ஏலே பேராண்டி, அந்த லேப்டாப்பை மூடி வச்சுட்டு இங்கன வந்து உக்காரு. கண்ணாடி நாருக்குள்ள ஓடுற ஒளிக்கு முன்னுரிமை வாங்கிக் கொடுக்கிற ஆராய்ச்சி முடியப்போகுதாமே? ‘ஆப்டிகல் பர்ஸ்ட் சுவிட்சிங்’னு பேரைச் சொன்னதும் உங்க ஆச்சி மிளகா உப்பு எடுத்துச் சுத்திப் போட்டுட்டா. நான் சும்மா இருந்திருப்பேன். நேத்து ராத்திரி நீ விளக்கினது எனக்குப் புரிஞ்சு தொலைச்சிருச்சு. அதான் வம்பு.

ஒளியை நிறுத்தி வைக்க முடியாதுங்கிற. ஒத்துக்கிடுதேன். கரண்ட்டா இருந்தா மெமரி சிப்புல ஏத்தி, ‘செத்த இரு, முன்னால போறவன் போகட்டும்’னு சொல்லலாம். ஒளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரொம்பப் போனா நாரைச் சுருளாச் சுத்தி அதுக்குள்ள ஓடவிட்டு நேரத்தைக் கடத்தலாம். அந்த நாருக்குள்ள 1 கிலோமீட்டர் போக ஒளிக்கு 5 மைக்ரோ செகண்ட் ஆகுது. அப்ப 1 மில்லி செகண்ட் காக்க வைக்க 200 கிலோமீட்டர் நாரு வேணும். கோவில்பட்டியில இருந்து மதுரைக்குப் போயிட்டுத் திரும்புற தூரத்தைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள்ள வைப்பியாலே?

அதனாலதான் 1999-ல பஃபலோ பல்கலைக்கழகத்துல சுன்மிங் சியாவும் மியுங்சிக் யூவும், செயின்ட் லூயிசுல ஜொனாதன் டர்னரும் இந்த வழியை எழுதி வச்சாங்கன்னு சொன்னே. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் கண்டக்டரா இருந்த காலத்துல கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல தினம் நடந்த கூத்துதானே அது! குடும்பம் வெத்தலை பாக்கு வாங்கிட்டு மெதுவா வரும். பொடிப்பய ஒருத்தன் முன்னால ஓடி, சன்னல் வழியா சீட்டுல துண்டைப் போடுவான். உங்க கணக்குல அந்தக் குடும்பந்தான் பர்ஸ்ட், ஒண்ணாக் கட்டி அனுப்புற தகவல் மூட்டை. பொடிப்பயதான் கண்ட்ரோல் பாக்கெட். அவன் தனி அலைநீளத்துல முன்னால ஓடுதான். ஒவ்வொரு நோடுலயும் அவனை மட்டும் கரண்டா மாத்திப் படிச்சு, ‘இன்ன நேரத்துக்கு இவ்வளவு நீளத்துல ஒரு பர்ஸ்ட் வருது’ன்னு சுவிட்சைத் திருப்பி வைக்காங்க. கொஞ்ச நேரம் விட்டுப் பின்னால வர்ற குடும்பம் எங்கயும் இறங்காம, ஒளி ஒளியாவே போயிருது. அந்த இடைவெளிதான் ஆஃப்செட்.

இதுல ஒரு குசும்பு இருக்கு. துண்டு விழுந்துச்சா இல்லையான்னு பதில் வர்ற வரைக்கும் குடும்பம் காத்திருக்கிறதே இல்லை, கிளம்பிருது. சீட்டு கிடைக்கலேன்னா அடுத்த வண்டிக்கு நிப்போம்னு நிக்கவும் முடியாது, நிக்கத்தான் இடமில்லையே. ஆளே காணாமப் போயிருவான். அதை என்ன நாசூக்கா ‘பர்ஸ்ட் இழப்பு’ன்னு எழுதுதீக! பாதிக்கப்பட்டவன் கேட்டா வெட்டிப்புடுவான்.

சரி, துண்டு போடுறதுலயும் ரெண்டு சாதி வச்சிருக்கீக. ஜிட்டுங்கிறது, துண்டு விழுந்த நிமிசத்துல இருந்தே சீட்டு எனக்குங்கிறது. கயத்தாறுல ஏறப்போறவனுக்கு கோவில்பட்டியில இருந்தே சீட்டு காலியாப் போகும். ஜெட்டுங்கிறது கொஞ்சம் நியாயஸ்தன். கயத்தாறுல இருந்துதான் எனக்கு, அதுவரைக்கும் எவனும் உக்காந்துக்கோங்கும். எனக்கு ஜெட்டைப் பிடிச்சுப்போச்சு. ஆனா அங்கதான் கண்டக்டருக்குத் தலைவலி ஆரம்பிக்கு.

சோம்பேறிக் கண்டக்டரு ஒவ்வொரு சீட்டும் கடைசியா எப்பக் காலியாகும்னு மட்டும் மனசுல வச்சிருப்பான். நடுவுல கிடக்கிற இடைவெளி அவன் கண்ணுக்குத் தெரியாது. டர்னர் சொன்ன ஹொரைசன் முறை இவன்தான். கெட்டிக்காரக் கண்டக்டரு இடைவெளி அத்தனையையும் நோட்டுல எழுதி வச்சு, வர்றவனை எதுல உக்கார வச்சா முன்னால மிச்சம் குறைவாக் கிடக்கும்னு பாத்து உக்கார வைப்பான். 2000-ல வந்த லாக்-விஎஃப் அதைத்தான் செய்யுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நொடிக்கு 10 கிகாபிட் ஓடுற நாருல 12,500 பைட் பர்ஸ்ட் ஒண்ணு 10 மைக்ரோ செகண்டுல கடந்து போயிருது. கெட்டிக்காரன் நோட்டைப் புரட்டி முடிக்கதுக்குள்ள ஆஃப்செட் தீந்துபோச்சுன்னா சுவிட்ச் திரும்பியிருக்காது, குடும்பம் வாசப்படியில வந்து நிக்கும். ஓட்டுற வண்டியோட வேகத்தைப் பாத்துத்தான்லே கணக்குப்பிள்ளையைத் தேடணும். உன் சிமுலேஷன்ல அட்டவணை பாக்க எவ்வளவு நேரம் பிடிச்சுதுன்னு கேட்டா தலையைச் சொறியுத.

இனி உன் குலதெய்வத்துக்கு வாரேன். சேவைத் தரம். முக்கியமான பர்ஸ்ட்டுக்குச் சீட்டு உறுதியாக் கிடைக்கணும். அதுக்கு யூ, சியாவ், தீட்சித் மூணு பேரும் 2000-ல சொன்ன வழி என்ன? பெரிய வீட்டுப் பொடிப்பயலை இன்னும் சீக்கிரமா ஓடவிடு! அவ்வளவுதான். ஆஃப்செட்டைக் கூட்டிட்டா, மத்தவன் துண்டு போடுறதுக்கு முன்னாலயே பெரிய வீட்டுத் துண்டு விழுந்திருக்கும். பர்ஸ்ட்டோட நீளம் எக்ஸ்பொனென்ஷியலா இருந்தா, சராசரி நீளத்தைப் போல 3 மடங்கு நேரத்தைக் கூட்டினாலே 100-க்கு 95 பங்கு கீழ்வகுப்போட இடைஞ்சல் இல்லாமப் போயிரும், 5 மடங்குன்னா 99 பங்குக்கு மேல. மெமரி, கிமெமரி ஒண்ணும் வேண்டாம். புத்திசாலித்தனம்தான், மறுக்கலை.

ஆனா அந்தப் பெரிய வீட்டுக்காரன் அவ்வளவு நேரமும் எங்க இருக்கான்? விளிம்புல இருக்கிற ரவுட்டர் வாசல்ல தேவுடு காத்துக்கிட்டு இருக்கான். அவசரம்னு சொல்லி அதிகக் காசு கட்டினவனை அதிக நேரம் காக்க வைக்க வண்டி ஊருல உங்களுதுதான். அது போகட்டும். ஒவ்வொரு நோடு தாண்டும்போதும் கண்ட்ரோல் பாக்கெட்டைப் படிக்க ஆகுற நேரத்துல ஆஃப்செட் தேஞ்சுக்கிட்டே வருதுல்லா? ஒரே வகுப்புக்குள்ளயே பாரு. தூரத்துல இருந்து நாலு லிங்கு தாண்டி இறங்குற ஊருக்குப் பக்கத்துல வந்தவன் கையில ஆஃப்செட் துளியூண்டுதான் இருக்கும். இப்பத்தான் ஏறி ரொம்ப தூரம் போறவன் முன்கூட்டியே துண்டு போட்டு வச்சிருப்பான். பாதிக்கு மேல பயணம் பண்ணினவன் அநியாயமா அடிபட்டுப் போவான், அவனுக்காக இதுவரை ஒதுக்கின அலைநீளமெல்லாம் தண்டம். இதை நீ எந்த அத்தியாயத்துல எழுதியிருக்க? அடிக்குறிப்புலயா? நெனைச்சேன்.

இதை விடக் கூத்து, ஹாங்காங்ல 2001-ல சொன்ன விகித முறை. ரெண்டு வகுப்புக்கும் இழப்பு இந்த விகிதத்துல இருக்கணும்னு முன்னாலயே முடிவு பண்ணிக்கிடுறது. கீழ்வகுப்புக்காரன் விகிதத்துக்கு மேல சொகமாப் போயிட்டு இருந்தான்னா, சீட்டு காலியா இருந்தாலும் வேணும்னே இறக்கி விட்டுறணும். லே, நான் அந்த மாதிரி ஒரு நாள் செஞ்சிருந்தா சாயங்காலம் டிப்போவுக்கு முழுசாத் திரும்பியிருக்க மாட்டேன். விகிதம் கச்சிதமா வருதுங்கிற. வரத்தான் செய்யும். காலைத் தூக்கிக் கட்டிப் போட்டுட்டு ஓட்டப் பந்தயத்துல எல்லாருக்கும் சமநீதின்னு சொன்னா யாரு இல்லைங்கப் போறா?

வோக்கரனேயும் ஜூவும் சொன்ன துண்டாக்குற முறை எவ்வளவோ தேவலை. முட்டிக்கிட்டா முழுக் குடும்பத்தையும் தள்ளிவிடாம, மோதுற பாகத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை ஏத்திக்கிடுறது. அதுல எனக்குச் சண்டையில்லை.

என் சண்டை உன் முடிவுரையோட. ‘சேவைத் தரம் உயர்ந்தது’ன்னு எழுதியிருக்க. யாருக்கு? ரெண்டு வகுப்பு பர்ஸ்ட்டும் ஒரே மாதிரி நீளத்துல இருந்தா, ஆஃப்செட்டை எப்படிக் கூட்டிக் குறைச்சாலும் மொத்த இழப்பு பெருசா மாறாதுன்னு உங்க ஆளுகளே எழுதி வச்சிருக்காங்க. மேல இருக்கிறவனுக்குக் குறைஞ்சது கீழ இருக்கிறவன் தலையில விழுந்திருக்கு. துண்டை எத்தனை மடிப்பு மடிச்சுப் போட்டாலும் வண்டியில சீட்டு கூடுமாலே?

சீட்டு கூடுற வழி ஒண்ணு இருக்கு. டென்மார்க்ல எர்லாங் 1917-லயே டெலிபோனுக்குப் போட்ட கணக்கை நீதானே காட்டினே. ஒரே ஒரு அலைநீளத்துல பாதிப் பாரம் வந்தா மூணுல ஒரு பங்கு பர்ஸ்ட் காலி. 8 அலைநீளத்தைச் சேத்து வச்சு, ஒவ்வொண்ணுக்கும் அதே பாதிப் பாரத்தைக் கொடு. இழப்பு 100-க்கு 3 ஆயிருது. முன்னுரிமையும் இல்லை, பெரிய வீடு சின்ன வீடும் இல்லை. நோடுல அலைநீளத்தை மாத்துற கருவி மட்டும் வேணும். அதுக்கு விலை ஜாஸ்தி. அதை மொதப் பக்கத்துலயே சொல்லிட்டா என்ன குறைஞ்சு போகும்?

அப்புறம் காசு போட்டு நாரு பதிக்கிறவன் என்ன பண்ணினான்? உங்க கட்டுரையெல்லாம் படிச்சுட்டு, முழு அலைநீளத்தையே ஊருக்கு ஊர் ஒதுக்கி வச்சுக்கிட்டான். பிரிச்சு அனுப்புற சில்லறை வேலையைப் பழைய எலக்ட்ரானிக் ரவுட்டர் தலையிலயே கட்டிட்டான். உன் பர்ஸ்ட் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துலயும் தீசிஸுலயும்தான் பயணம் போய்க்கிட்டு இருக்கு. அதுக்காகப் படிக்காதேன்னு சொல்லலை. நிறுத்தி வைக்க இடமில்லாத சாமானை எப்படிப் பங்கு போடுறதுங்கிற கேள்வி நல்ல கேள்விதான். சிங்கப்பூர்ல இருந்து 2007-ல இதுக்குன்னே தனிப் புத்தகம் போட்டிருக்காங்க, அதுல மோகன் குருசாமியும் ஒருத்தருன்னு நீ பெருமையாக் காட்டினே. காட்ட வேண்டியதுதான்.

ஒண்ணே ஒண்ணு செய்யி. வைவாவுக்குப் போறதுக்கு முன்னால அந்த நாலாவது அத்தியாயத்துப் படத்தை மாத்து. மேல்வகுப்போட கோட்டை மட்டும் நீலத்துல போட்டுக் காட்டாத. கீழ்வகுப்போட இழப்பையும், மொத்த இழப்பையும் அதே படத்துல, அதே அளவுல போடு. பாக்குறவன் முடிவு பண்ணிக்கிடட்டும்.