தக்காளி நட்டார் இலக்கணம்

தொல்காப்பியர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். கடலூர் மாவட்டத்தில் நாலடிக் கொல்லையோ ஒரு மொட்டைமாடியோ வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிவு போதாது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி என்று ஏட்டில் கோடு கிழித்துவிடலாம். அந்தக் கோட்டின் மேல்தான் 2011 டிசம்பர் 30 அன்று, மார்கழி நடுவில், தானே புயல் கரையேறியது. கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்ற பழமொழியை நம்பி நாற்று நட்டிருந்தவர்கள், அன்று முதல் கர்ணனையும் சேர்த்துச் சந்தேகப்படுகிறார்கள்.

ஆகவே இம்மாவட்டத்து மழைக்காலக் காய்கறிக்கென்று தனி இலக்கணம் வேண்டியிருக்கிறது. நூற்பாவாக எழுதினால் உரை எழுத இன்னொருவரைத் தேட வேண்டும். எனவே உரையை மட்டும் தருகிறேன். நூற்பாவை வாசகர் ஊகித்துக்கொள்க.

முதலில் குளிர் என்ற பொய்யைக் களைவோம். மார்கழி விடியலில் சிதம்பரம் கீழவீதியில் மங்கி குல்லாயும் மப்ளருமாக நடமாடுகிறவர்களைப் பார்த்தால் பனிமலை அடிவாரத்தில் இருப்பதாகத் தோன்றும். வெப்பமானியோ 20 டிகிரியைச் சுற்றி நிற்கும். லண்டனில் ஜூலை மாத நண்பகல் இதைவிட மூன்று நான்கு டிகிரிதான் கூடுதல். அங்கே அதற்குச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுத்துக்கொள்கிறார்கள். தக்காளி ஆண்டீஸ் மலைப் பக்கத்தில் பிறந்தது. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் அதற்குப் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். சித்திரை வெயிலில் மகரந்தம் மலடாகிப் பூவாய்க் கொட்டும் அதே செடிக்கு, நாம் நடுங்கும் மார்கழிதான் தேனிலவு. குளிரால் செத்த தக்காளி என்று கடலூரில் ஒன்று இருந்ததில்லை. குளிரின் மேல் பழி போடுகிறவர்களை ஆளியலில் கவனித்துக்கொள்வோம்.

இனி மழையியல். மழை நான்கு வகைப்படும். ஐந்தாவது உண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதலாவது கொட்டித் தீர்ப்பது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, ஓர் இரவெல்லாம் பெய்து, விடிந்ததும் ஒன்றும் தெரியாதது போல் வெயிலடிக்கும். பார்க்கப் பயங்கரம், நீர் வடிந்துவிட்டால் செடிக்குப் பெரிய கெடுதலில்லை. இரண்டாவது அடைமழை: எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்று சொல்ல முடியாமல் மூன்று நாள், நான்கு நாள். மூன்றாவது சிணுசிணுப்பு. கொடியில் போட்ட துணி காயாது, குடை பிடிக்கவும் மனம் வராது. நான்காவது மழையே அல்ல, மந்தாரம். வானம் மூடிக்கொண்டு சும்மா கிடக்கும்.

கடைசி இரண்டையும் யாரும் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தக்காளி பெரும்பாலும் சாவது இவற்றால்தான். இலைக்கருகல் பூசணத்தின் வித்து முளைக்க வெள்ளம் தேவையில்லை. இலை மேல் சில மணி நேரம் காயாத ஈரம் போதும். பூவின் கதையும் அதுவே. தக்காளிப் பூ தன் மகரந்தத்தை ஒரு குழாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறது. வண்டோ காற்றோ வந்து உலுக்கினால்தான் கொட்டும். மந்தார நாளில் வண்டு வராது, மகரந்தம் ஈரத்தில் கட்டிதட்டிப் போகும், பூ காம்போடு உதிரும்.

ஐந்தாவது, மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்த பிறகு பெய்யாமல் போகும் மழை. பெய்யாததை மழையென்று கொள்ளலாகாது என்பர் ஒருசாரார். அன்று முழுக்கப் பிள்ளைகள் கொல்லையில் கிரிக்கெட் ஆடுவதால் விளையும் சேதத்தைக் கணக்கிட்டால் இதுவும் மழையே என்பது என் துணிபு.

மண்ணியல் சிறியது. தேவனாம்பட்டினம் பக்கத்துக் கடலோர மணல் நெய்தல்: நீர் நிற்காது, சத்தும் நிற்காது. வீராணம் பாயும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் களிமண் மருதம்: எதுவும் நிற்கும், தண்ணீர் முதலில் நிற்கும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேடு நடுத்தரம். குறிஞ்சிக்குக் குறிஞ்சிப்பாடி என்ற ஊர் உண்டு, மலை இல்லை. மலை எங்கே என்று வற்புறுத்தினால் கேப்பர் மலையைக் காட்டுவார்கள், அது ஒரு மேடு. பாலையை மாடித்தோட்டக்காரர்களுக்குக் கோடையில் தந்துவிட்டோம்.

செடியியலில் மூன்று குலங்கள். தானாக வருவன, நாள் பார்த்து வருவன, வந்தும் வராதன.

தானாக வருவனவற்றை யாரும் நட்டதில்லை. வரப்போரம் கரிசலாங்கண்ணி, வாய்க்கால் ஓரம் பொன்னாங்கண்ணி, வேலியில் தூதுவளை, சாக்கடை ஓரத்தில் மணத்தக்காளி. கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் தினம் உண்ணச் சொன்ன வள்ளலார் இந்த மாவட்டத்து வடலூரில் இருந்துகொண்டுதான் சொன்னார் என்பதை மழைக்காலத்தில் ஒருமுறை அந்தப் பக்கம் போனவர்கள் வியக்க மாட்டார்கள். கேட்காமல் விளைவதால் இந்தக் குலத்துக்கு மதிப்பில்லை. பாக்கெட்டில் போட்டு விலை எழுதினால் மதிப்பு வரக்கூடும்.

நாள் பார்த்து வருவதில் தலைமை அவரைக்கு. ஆடியில் விதைத்த பந்தல் அவரை ஆவணி, புரட்டாசி முழுக்கக் கொடியாய்ப் படர்ந்து வீட்டுக்காரரைச் சோதிக்கும். உரம் போட்டாலும் திட்டினாலும் பூக்காது. அது கணக்கு வைத்திருப்பது மழையை அல்ல, பகலின் நீளத்தை. இந்த அட்சரேகையில் மார்கழிப் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். இரவு நீண்டுவிட்டது என்று உறுதியானதும் ஒரே வாரத்தில் பந்தல் முழுக்கப் பூ. பின்னாலேயே கறுப்பு அசுவினியும் வரும், அதற்குச் சாம்பல். சிறகவரையும் இதே பஞ்சாங்கக்காரர்தான். பரங்கி, பூசணி, சர்க்கரைவள்ளி, கருணை, மொச்சை எல்லாம் முன்பின்னாக வந்து சேர, மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு ஏழுகறிக் கூட்டு வைக்க ஏழு காயும் கிடைத்துவிடுகிறது. ஆருத்ரா தரிசனத்துக்கு நடராசர் தேரேறும் ஊரில் இந்தக் கூட்டுக்குத் தக்காளியை யாரும் தேடுவதில்லை. சம்பா சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் கொத்சும் கத்தரிக்காய் விவகாரம். பழைய கைப்பக்குவத்தில் புளிப்புக்குப் புளிதான்.

கத்தரியை எந்தக் குலத்தில் வைப்பது என்று உரையாசிரியர்கள் மயங்குவார்கள். ஈரத்தைத் தக்காளியைவிட நன்றாகத் தாங்கும். பாலூரில் நூறாண்டு கடந்த ஆராய்ச்சி நிலையம் பாலூர் 1, பாலூர் 2 என்று ரகம் ரகமாகக் கத்தரி தந்திருக்கிறது. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தன் பெயரிலேயே ‘அண்ணாமலை’ என்று ஒரு ரகம் தந்தது. அசுவினியைத் தாங்குவது அதன் சிறப்பு. பல்கலைக்கழகங்கள் பட்டம் தருவது உண்டு. கத்தரிக்காய்க்குத் தன் பெயரையே தந்தது கொத்சின் செல்வாக்கன்றி வேறென்ன?

வந்தும் வராதன: முருங்கையும் தக்காளியும். முருங்கை மழைக்காலத்தில் இலையாகத் தள்ளும், காய்க்காது, அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். தக்காளியோ இலை தள்ளும், பூக்கும், நாலு காய் பிடிக்கும், பழுக்கும் சமயம் பார்த்து வெடிக்கும். காய்ந்து கிடந்த வேர் திடீரென்று நீர் குடிக்கும்போது பழத்தின் உள்ளே பெருகும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காததே வெடிப்புக்குக் காரணம்.

இப்போது ஆளியல். இந்த நூலின் உயிர்நிலை இதுவே.

தக்காளி நட்டாருள் முதல் வகையார் தார்ப்பாய் மார்க்கத்தார். வானிலை மையம் மஞ்சள் எச்சரிக்கை விடுத்ததும் நான்கு சவுக்குக் கழியை நட்டு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புக்குக் குறைவில்லாததால் கழிகள் திடமாக இருக்கும். கட்டியவரின் முடிச்சு அப்படியிராது. நள்ளிரவில் தார்ப்பாயின் நடுவே நீர் தேங்கிக் குளமாகி, மழையால் சாகாத செடி குளம் விழுந்து சாகும். விழாவிட்டாலும் கேடுதான். நாலு பக்கமும் மூடிய கூடாரத்துக்குள் காற்றில்லை. பூசணத்துக்கு அதைவிட நல்ல விடுதி அமையாது. மேல் மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட்டால் உண்மையில் பயன் உண்டு. ஆனால் இம்மார்க்கத்தார் பாதியில் நிறுத்துகிறவர்கள் அல்லர்.

இரண்டாம் வகையார் கரைசலார். திங்கள் பஞ்சகவ்யம், செவ்வாய் மீன் அமிலம், புதன் புளித்த மோர், வியாழன் வேப்பெண்ணெய். காலையில் தெளிப்பார்கள், மாலையில் மழை கழுவும். அதனால் மறுநாளும் தெளிப்பார்கள். இவர்களுடைய செடிகள் செத்தாலும் சத்துக் குறைவால் செத்தன என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாம் வகையாரைத் தனியே ஆராய வேண்டும். இவர்கள் ஒரு கையில் குடையும் மறு கையில் பூவாளியும் ஏந்தி, மழையில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். பெரும்பாலும் அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்கள். காலை ஆறரைக்குத் தண்ணீர் என்றால் ஆறரைக்குத் தண்ணீர். இவர்களைப் பரிகசிப்பது எளிது. ஆனால் இவர்களை ஏமாற்றுவது செடிதான். வேர் நீரில் மூழ்கி மூச்சுத் திணறும்போது, எத்திலீனுக்கு முன்னோடியான ஒரு பொருள் வேரில் சேர்ந்து தண்டு வழியே மேலேறுகிறது. இலைக்கு வந்து காற்றைக் கண்டதும் எத்திலீன் வாயுவாக மாறுகிறது. அப்போது இலைக்காம்பின் மேல்பக்கம் அவசரமாக வளர, இலை கீழ்நோக்கி வளைந்து தொங்கும். மூழ்கிக்கொண்டிருக்கும் செடி தாகத்தில் வாடிய செடியைப் போலவே முகத்தை வைத்துக்கொள்ளும். பார்த்தவருக்கு மனம் கேட்காது. இன்னும் ஒரு வாளி ஊற்றுவார்.

நான்காம் வகையார் நடுவதேயில்லை. துக்கம் விசாரிக்க மட்டும் வருவார்கள். “குளிர் தாங்கலைங்க, அதான்” என்று குற்றவாளியை மாற்றிச் சொல்வது இவர்கள் தொழில். இவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும் கடைசிப் புகலிடம் உழவர் சந்தை. அங்கே மழைக்காலத் தக்காளி பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. மதனப்பள்ளியிலும் கோலாரிலும் மழை பிடித்துக்கொண்டால் கடலூரில் ரசம் நீர்த்துப்போகும். 2021 நவம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது மொட்டைமாடியில் திடீரென்று தக்காளி நட்டவர்களை ஐந்தாம் வகையாகக் கொள்ளலாம். அவர்கள் செடி காய்த்தபோது விலை இறங்கியிருந்தது. விரித்தால் பெருகும்.

ஆறாம் வகை அருகி வருவது. சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் இடையில் எந்த ஊரிலும் ஓர் ஆயா இருப்பார். ஐப்பசி பிறக்குமுன் பாத்தியை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வரை உயர்த்திவிடுவார். செடியின் அடியில் வைக்கோல், மண் தெறித்து இலையில் படாமலிருக்க. அடி இலைகளைக் கிள்ளிப்போட்டிருப்பார். மழை கொட்டும்போது கோணிச் சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கி, வாய்க்கால் வாயை வெட்டிவிட்டுத் திரும்புவார். அவ்வளவுதான் மருந்து. பாத்தியில் கத்தரி நிற்கும், பந்தலில் அவரை நிற்கும்.

“தக்காளி போடலியா ஆயா?”

“இப்ப எதுக்கு தம்பி? கார்த்தி கடைசியில தாழ்வாரத்துல விதை போடுவேன். பொங்கலுக்கு முன்ன நடுவேன். மாசி கடைசியில வந்து கேளு.”

கணக்குப் பார்த்தால் பிழையில்லை. நாற்றுக்கு 25 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு இரண்டு மாதம். ஈரம் வடிந்த மண், குளிர் விடாத இரவு, காய்ந்த காற்று எல்லாம் பூக்கும் சமயத்தில் கூடி வரும். தை மழை நெய் மழை என்று பாராட்டப்படும் மழை 2021 பொங்கலில் பெய்தது போல் பெய்தால் மட்டும் கணக்கு தப்பும். அந்த ஆண்டு அறுவடைக்கு நின்ற நெல்லே தப்பவில்லை.

எந்த இலக்கணத்துக்கும் ஒரு புறனடை வேண்டும். மார்கழியிலேயே தன் கொல்லைத் தக்காளியைத் தின்றாக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காகத் தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தார் வெகுநாள் முன்பே ஒரு வழி கண்டார்கள்: கத்தரிக் கால், தக்காளித் தலை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் கத்தரி நாற்றின் தண்டைச் சாய்வாக வெட்டித் தக்காளி நுனியை ஒட்டுக் கட்டலாம். ஒரு வாரம் ஈரக்காற்றில், நிழலில் வைத்தால் கூடிவிடும். சில நாள் நீர் நின்றாலும் கத்தரி வேர் பொறுத்துக்கொள்ளும், வாடல் நோய்ப் பாக்டீரியாவுக்கும் எளிதில் இடம் தராது. நம்மூர் வேளாண் பல்கலைக்கழகமோ கத்தரியையே சுண்டைக்காய் வேரில் ஒட்டி நாற்றாகத் தருகிறது. அதைக் கண்ட மாடித்தோட்டக்காரர்கள் சுண்டையில் தக்காளியையும் ஒட்டிப் பார்க்கிறார்கள். ஆக, காலால் ஒரு குலம், தலையால் ஒரு குலம். செடியியலில் இதை எங்கே வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் தக்காளி தானே வேர்விட்டுப் பழைய வியாதிகளை அழைத்துக்கொள்ளும். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் தளிரை அவ்வப்போது கிள்ளவும் வேண்டும். அடைமழையில் நாலைந்து நாள் கொல்லைப்பக்கம் போகாமல் இருந்துவிட்டால் கீழிருக்கும் சுண்டை தலையெடுத்து, மேலே இருக்கும் தக்காளியைப் பட்டினி போட்டுவிட்டுத் தானே காய்க்கத் தொடங்கும். அப்படியே விட்டுவிடலாம், வத்தக்குழம்புக்கு ஆகும்.