எழாமை இயல்: பினாங்குத் தீவில் பழைய கணினி விழிக்க மறுத்தல் பற்றிய ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள்: ஜார்ஜ் டவுன், லெபோ பாசாரை ஒட்டிய சந்தில் ஓர் அச்சகத்து மேசைக்கணினி. இயங்குதளம் விண்டோஸ் எக்ஸ்பி. இதன் அகவையை அறிய, மரத்தின் வளையங்களைப் போல, பெட்டியின் மேல் அடுக்கடுக்காய்க் காய்ந்திருக்கும் ஆயுதபூசைச் சந்தனப் பொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு பொட்டு காற்றுத் துளையை அடைத்திருந்தது. பக்தி வெப்பத்தைக் குறைக்காது என்பது இவ்வியலின் துணை விதி.

நோய்: தைப்பூச விடுமுறை முடிந்து கடை திறந்த காலையில், விண்டோஸ் சின்னம் தோன்றும்; திரையில் நீலம் மின்னும்; கணினி தன்னைத் தானே அணைத்து மறுபடி எழும்; மறுபடி விழும்.

உடையவர் வாக்குமூலம்: "பூசத்துக்கு மொத நாள் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு தம்பி. நான் ஒன்னுமே தொடலலா."

இவ்வாக்கியத்தின் முதற்பாதி எல்லா ஊர்ப் பழுது வரலாறுகளிலும் காணப்படுவது, மறுக்க வேண்டியதில்லை. இரண்டாம் பாதியைப் பின்னர் விசாரிப்போம்.

புதிய கணினி வாங்கினால் ஆராய்ச்சியே வேண்டாமே என்பாரும் உளர். அது பொருந்தாது. இக்கணினியின் வட்டில் ஒருங்குறிக்கு முந்திய காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் கோத்த கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கின்றன. அந்நாளில் எழுத்துருவுக்கொரு குறியீடு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், மாப்பிள்ளையின் பெயர் தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நிற்கும். சம்பந்தி வீட்டார் ஒப்பமாட்டார்கள்.

இனி நூற்பா:

*முறையிடு குரலோன் உயிருளன், அவனால்*
*அழைக்கப் பட்டோன் வீழ்ந்தனன் என்ப.*

இதன் பொருள்: கணினி ஒரே மூச்சில் விழிப்பதில்லை, ஒருவர் அடுத்தவரை எழுப்பிவிட்டு ஒதுங்குகிறார். மின்சாரம் வந்ததும் பயாஸ் எழும். அது வட்டின் முதற்கூற்றைப் படிக்கும். அக்கூறு வெறும் 512 பைட்டுகள்: கட்டளைக்கு 446, பாகப் பட்டியலுக்கு 64, முடிவில் முத்திரையாக 2. அது எக்ஸ்பி இருக்கும் பாகத்தின் தொடக்கக் கூற்றை எழுப்ப, அது என்.டி.எல்.டி.ஆர். என்னும் கோப்பைத் தேட, அக்கோப்பு விண்டோஸின் கருவை எழுப்பும். எவருக்கும் தமக்கு அடுத்தவரைத் தவிர வேறெவரையும் தெரியாது. ஆகவே திரையில் ஒரு குற்றச்சாட்டு வந்தால், அதைச் சொல்பவர் நலமாக இருக்கிறார். இவர் எழுப்பப்போன ஆள்தான் எழவில்லை. 'பீப் பீப்' என்று பலகை அலறினால் பயாஸ் பிழைத்திருக்கிறது, பெரும்பாலும் நினைவகம் சரியில்லை. 'சிக்னல் இல்லை' என்பது மானிட்டரின் சொந்தக் கருத்து.

இதற்கு விலக்கும் உண்டு. 'என்.டி.எல்.டி.ஆரைக் காணோம்' என்று திரை சொன்னதும் வட்டு போயிற்றென்று ஒப்பாரி வைப்பவர்கள், முதலில் முன்பக்கத் துளையைப் பார்க்க வேண்டும். எக்ஸ்பியில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் அங்கே செருகியிருந்து, பயாஸும் அதையே முதலில் எழுப்பினால், புலம்புவது அந்தப் பென்டிரைவ். அதற்குள் இல்லாத கோப்பை அது எங்கே போய்த் தேடும்? பிடுங்கினால் நோய் தீரும். வைத்தியர் மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருப்பது மரபு.

இத்துறையில் மூன்று மதங்கள் உள. தட்டுவோர் மதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துடைப்போர் மதத்தினர் நினைவக அட்டையைக் கழற்றிப் பள்ளிப்பிள்ளையின் அழிப்பானால் அதன் பொன்முனைகளைத் தேய்த்து மாட்டுவர். கடற்காற்றும் புழுக்கமும் குறையாத இத்தீவில் இவர்கள் வெல்லும் நாள்கள் அதிகம். கடைத்தெருவில் செல்வாக்கு மிக்கவர்கள் அழிப்போர். "ஃபார்மட் போட்டுடலாம் அண்ணே" என்பதே இவர்களின் மூலமந்திரம். நோய் எதுவாயினும் மருந்து இதுவே. நோயாளி பிழைத்தாலும் பத்திரிகைகள் பிழைப்பதில்லை.

நாம் எம்மதத்தையும் சாராமல் எஃப்8-ஐ அமுக்கி, 'பிழை நேர்ந்தால் தானே மறுதொடக்கம் செய்யாதே' என்னும் வரியைத் தேர்ந்தோம். மின்னிய நீலம் நின்றது. பூச்சியங்களுக்குப் பின்னால் 7பி என்றிருந்தது. கருவுக்கு வட்டு அகப்படவில்லை என்பது அதன் பொருள். முந்தியவர்கள் அனைவரும் அதே வட்டிலிருந்து எழுந்து வந்திருக்க, கடைசி ஆள் மட்டும் அதைக் காணோம் என்பது எங்ஙனம்?

விடை பயாஸில் இருந்தது. அங்கே நாள் 1 ஜனவரி 2002. அந்தக் கணினியைப் பொறுத்தவரை ஜார்ஜ் டவுன் இன்னும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறவில்லை. அதற்கு 2008 வரவேண்டும். 2014 மார்ச்சில் பினாங்கின் இரண்டாம் பாலம் திறந்ததும், அடுத்த மாதமே எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைவிட்டதும் அதற்குத் தெரியாது. அறியாமையின் காரணம் தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்னும் காசு வடிவ பேட்டரி: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். அது தீர்ந்ததால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ஆலை கொடுத்த இயல்புநிலைக்குத் திரும்பியிருந்தது. அந்நிலையில் வட்டோடு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ. எக்ஸ்பி நிறுவப்பட்டதோ ஐ.டி.இ. முறையில், ஏ.எச்.சி.ஐ. அதற்குத் தெரியாத பாஷை. முந்தியவர்கள் பயாஸின் வாயால் பேசியதால் தப்பித்தார்கள். கரு தன் சொந்த வாயைத் திறந்தது, மாட்டிக்கொண்டது.

ஈண்டு ஓர் இடைப்பிறவரல். விசிறியைக் கழற்றிப் பசையைத் துடைத்தபோது, சிப்பின் தலையில் இன்டெல் பெயரும் 'மலாய்' என்ற முத்திரையும் தெரிந்தன. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் திறந்தது இத்தீவின் பாயான் லெப்பாஸில். சிப்பு பிறந்தது அங்கேயா, எதிர்க்கரையில் கூலிமிலா என்று முத்திரை சொல்லாது. எப்படியாயினும் மண்ணின் மைந்தன். இத்தனை பெரிய குலத்தில் பிறந்தும், மளிகைக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பேட்டரி இல்லாமல் ஊர், நாள் மறந்து கிடந்தான்.

அமைப்பை ஐ.டி.இ. ஆக்கினோம், எக்ஸ்பி எழுந்தது. முதல் வேலையாகப் பத்திரிகைகள் அனைத்தையும் வெளிவட்டுக்குப் படியெடுத்தோம். நாளைத் திருத்தியது அதற்குப் பின்புதான்.

எஞ்சிய வினா: பேட்டரி என்றோ நலிந்திருக்க, நோய் ஏன் பூசத்துக்குப் பின் வந்தது? சுவரில் சுவிட்சு திறந்திருக்கும் வரை, கணினியை அணைத்தாலும் உள்ளே சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பயாஸின் நினைவை அதுவே காக்கும். பூசத்து வெள்ளி ரதத்தின் பின்னால் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படுமுன், உடையவர் சிக்கனம் கருதிச் சுவர் சுவிட்சை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து பொத்தானை அமுக்கியதும், அமைப்புகள் அழிந்தன, இயல்புநிலை ஏற்றப்பட்டது, தொடர எஃப்1-ஐ அமுக்குக என்று பயாஸ் ஆங்கிலத்தில் முறையிட்டிருக்கிறது. அமுக்கச் சொன்னதால் அமுக்கினாராம். அதைத் தொட்டதாக அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

புதுப் பேட்டரி வாங்கி வரச் சொன்னோம். முழு ஆய்வையும் பொறுமையாகக் கேட்டவர், ஒரு கணம் யோசித்துத் தம் முடிவைச் சொன்னார்: "அப்ப சுவிட்ச அடைக்காம விட்டாப் போதும். பேட்டரி எதுக்கு தம்பி?"

இதற்குத் தடைவிடை எழுத முயன்றோம். மின்கட்டணம் இவ்வியலின் எல்லைக்கு வெளியே உள்ளது.