பெர்லின் மாடலும் உன் மருமகளும்

ஸ்டுட்கார்ட்,
அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை ஆபீஸில் தூக்கிவிட்டார்கள் என்று சித்தி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதாக மாமா மெசேஜ் போட்டிருந்தார். பட்டப்பகலில் கைலியோடு வீடியோ காலில் வந்து நின்றால் அப்படித்தான் தோன்றும். யாரும் தூக்கவில்லை. நானாகத்தான் லீவு போட்டிருக்கிறேன், பிள்ளை வளர்க்க.

இங்கே பிள்ளை பிறந்தால் அம்மா, அப்பா இருவரும் ஆளுக்கு மூன்று வருடம் வரை லீவு போடலாம், வேலை போகாது. அதில் இருவருக்கும் சேர்த்துப் பதினாலு மாதம் அரசாங்கம் பணமும் தரும். சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 1,800 யூரோவுக்கு மேல் போகாது. பன்னிரண்டு மாதத்தை உன் தம்பி பொண்டாட்டி தீர்த்துவிட்டாள். மிச்சம் இரண்டு என் பங்கு. சித்திக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். "அவ வேலைக்குப் போறா, இவன் வீட்டுல கிடக்கான்" என்றுதான் போய்ச் சேரும். அதிலும் தப்பில்லை, கிடக்கத்தான் செய்கிறேன். ஆனால் பிள்ளை பெற்றதற்காகவே மாதம் 255 யூரோ தனியாக வருகிறது, பதினெட்டு வயது வரை வரும் என்பதை மட்டும் மறக்காமல் சொல். கொஞ்சம் சத்தமாகவே சொல்.

இப்போது என் உத்தியோகம், உன் மருமகளைக் கிட்டாவில் பழக்குவது. கிட்டா என்றால் நம்ம அங்கன்வாடிதான், கொஞ்சம் வசதியானது. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2013-லிருந்து சட்டம் இருக்கிறது. சட்டம்தான் இருக்கிறது, இடம் இருப்பதில்லை. இவள் வயிற்றில் இருக்கும்போதே பெயர் எழுதி வைத்ததால் கிடைத்தது.

நீ என்னை அங்கன்வாடியில் விட்டது ஞாபகம் இருக்கிறதா? குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் ஆயா கையில் கொடுத்து, "அங்க பாரு காக்கா" என்றாய். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நீ தெருமுனையைத் தாண்டிவிட்டாய். அவ்வளவுதான், பழக்கியாயிற்று.

இங்கே அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெயர் பெர்லின் மாடல். பெர்லினுக்கும் எங்களுக்கும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அங்கே 1980-களில் வகுத்த முறை எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. முதல் மூன்று நாள் பெற்றவர்களில் ஒருவர் பிள்ளையோடு உள்ளேயே உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் போல. உட்கார மட்டும்தான் வேண்டும். விளையாட்டுக் காட்டக் கூடாது. "போ, அந்தப் பொம்மையை எடு" என்று தள்ளிவிடக் கூடாது. போனைப் பார்க்கக் கூடாது. பிள்ளை தானாக வந்தால் மடியில் ஏற்றிக்கொள்ளலாம், போனால் பிடித்து வைக்கக் கூடாது. நாலாவது நாள்தான் முதல் பிரிவு. அதுவும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், நைசாக நழுவக் கூடாது. நம்ம காக்கா இந்த ஊரில் செல்லாது. பிரிந்து போவதும் வெளியே வராந்தா வரைதான், அதிகபட்சம் அரை மணி. அழுதால் கொஞ்ச நேரம் தேற்றிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் உடனே என்னைக் கூப்பிடுவார்கள். நாலாவது நாள் திங்கட்கிழமையாக வந்துவிட்டால் பிரியக் கூடாது, மறுநாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும். சனி ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டு வரும் பிள்ளை என்பதால். நம்ம ஊரில் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பத்தான் நாள் கிழமை பார்ப்போம்.

உட்காருவதற்குக் கொடுத்த நாற்காலி ஒரு சாண் உயரம். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருக்க, சும்மா இருப்பதே வேலையாக இருந்தேன். சின்ன வயதில் அப்பா என்னை எதற்கெல்லாம் திட்டினாரோ, அதைச் செய்யச் சொல்லி டீச்சர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தார். அதிலும் தேறவில்லை. ஒரு பொடியன் பிளாஸ்டிக் கிண்ணத்தில் இல்லாத சூப்பைக் கொண்டுவந்து நீட்டினான். மரியாதைக்குக் குடித்தேன், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லித்தொலைத்தேன். அப்புறம் நாலைந்து பேர் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். டீச்சர் வந்து, மற்ற பிள்ளைகள் உங்களோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது, நீங்கள் போய்விடுவீர்கள் அல்லவா என்று சிரித்தபடியே சொன்னார். அதற்குப் பிறகு யார் சூப் நீட்டினாலும் பரிதாபமாகப் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி.

உன் மருமகளோ என் பக்கம் திரும்பவே இல்லை. முதல் நாளே டீச்சர் கையை நீட்டியதும் இடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அடுத்து சமையல்கார அம்மாவின் இடுப்பு. அடுத்து, வேறொரு பிள்ளையை விட வந்த அப்பா. சமத்து என்று சொல்வார்கள் என நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். டீச்சர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு, "புது ஆட்களிடம் தயக்கமே இல்லையே, வீட்டில் இவளுக்கு நெருக்கமானவர்கள் எத்தனை பேர்?" என்றார் கவலையாக. படிவத்தில் அதற்கு இரண்டு கோடு போட்டிருந்தது. ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது திண்டுக்கல்லில் நம்ம தெருவில் இவள் ஏறாத இடுப்பு எது? நீ, அம்மா, மாமா, பால்காரர் சம்சாரம், பூக்கார அக்கா, எதிர்வீட்டு மூன்று பொண்ணுகள் என்று அடுக்கினேன். பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார்.

பழனியில் போட்ட மொட்டை வேறு இன்னும் சரியாக வளரவில்லை. தலையில் பேன் வந்துவிட்டதா என்று மெதுவாக விசாரித்தார்கள். கடவுளுக்குக் கொடுத்தது என்றேன். வாங்கிக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று ஒரு டீச்சர் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அந்த அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. தமிழிலும் பதில் தெரியாது.

மழையில் விளையாட விடுகிறார்களா என்று அம்மா கேட்டாளாம். விடுகிறார்களா என்ன, மழை பெய்தால்தான் கிளப்பிக்கொண்டே போகிறார்கள். ரப்பர் கால்சட்டை, பூட்ஸ், மேலே ஒரு கோட்டு. போட்டுவிடக் கால் மணி நேரம். போட்டு முடித்ததும் ஒன்றுக்கு வரும். அம்மாவிடம் நனையவில்லை என்று மட்டும் சொல்.

ஆனால் சளி வந்துவிட்டது. மூக்கு ஒழுகுவது நிற்பதாகவே இல்லை. டாக்டரிடம் ஓடினால் சின்னப் பிள்ளைக்கு வருடத்துக்குப் பத்துத் தடவை கூட வரும் என்று புள்ளிவிவரம் சொல்லி அனுப்பிவிடுகிறார். மருந்துச் சீட்டு வாங்குவதற்குள் நமக்குக் காய்ச்சல் வந்துவிடும். போன வாரம் காதுவலியில் ராத்திரி முழுக்கக் கத்தினாள். காலையில் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது: வலிக்கு ஒரு சிரப், கூடவே வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் துணியில் கட்டி, லேசாகச் சூடுகாட்டிக் காதின்மேல் வையுங்கள். அம்மா சொல்லியிருந்தால் பத்தாம்பசலி என்றிருப்பேன். இதை அவளிடம் சொல்லாதே, அடுத்த போனில் கஷாயம் வரைக்கும் போய்விடுவாள்.

சரி, அக்கா, விஷயத்துக்கு வருகிறேன். கிட்டாவில் இன்னொரு படிவம். பிள்ளையை யார் யார் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எழுதித்தர வேண்டும். பெயர் இல்லாதவர் வந்து நின்றால், அடையாள அட்டையோடு வந்தாலும் அனுப்ப மாட்டார்கள். நியாயம்தான். என் பெயர், என் பொண்டாட்டி பெயர் எழுதினேன். மூன்றாவது கோட்டில் எழுத ஆளில்லை. என் லீவு முடிந்த பிறகு அவளுக்கு மீட்டிங், எனக்கு ரயில் லேட் என்றால் அந்தப் பிள்ளையை வாங்க இந்த ஊரில் ஒரு கை கிடையாது. கீழ்வீட்டுப் பாட்டியைக் கேட்கலாமா என்று யோசிக்கிறோம். எழுபது தாண்டியவர், மாடிப்படியில் பார்த்தால் வணக்கம் சொல்லுவார். அதைத் தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதனால் அம்மாவை மார்ச்சில் அனுப்பி வை. விசிட் விசாவில் தொண்ணூறு நாள் இருக்கலாம். செலவு எங்கள் பொறுப்பு என்று இங்கே அரசாங்க ஆபீஸில் கையெழுத்துப் போட்டு, சம்பளச் சீட்டும் காட்ட வேண்டும். என் சீட்டு லீவில் இருப்பதால் உன் தம்பி பொண்டாட்டி சீட்டைத்தான் காட்டப்போகிறோம்; இதுவும் சித்திக்குத் தெரிய வேண்டாம். குளிர், மூட்டுவலி, கோயில் திருவிழா என்று அம்மா ஆயிரம் காரணம் சொல்வாள். நீதான் பேசிச் சரிக்கட்ட வேண்டும். முதல் காரியமாக, பீரோவில் இருக்கும் அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார். திரும்பி வரும் நாளிலிருந்து மூன்று மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு.

உன் அன்புத் தம்பி